நகப் பூஞ்சை: மாத்திரையா, பூச்சா, லேசரா?

கால் பெருவிரல் நகம் நுனியில் மஞ்சளாகிறது. சில மாதங்களில் தடித்து, அடிச்சதையை விட்டு மேலெழும்புகிறது. வெட்டும்போது அடியிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. வலியில்லை என்பதால் பெரும்பாலோர் ஓராண்டு, ஈராண்டு கண்டுகொள்வதில்லை. பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்குகிறார்கள். அது பலிக்காமல் இன்னொரு களிம்பு, யாரோ சொன்ன வினிகர், கடைசியில் தோல் அழகு நிலையத்தின் லேசர் விளம்பரம் என்று அலைச்சல் நீள்கிறது.

இந்த நோய்க்கு இன்று உலகில் புழங்கும் சிகிச்சைகளை அவற்றுக்கான ஆதாரங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. பலன் அதிகமுள்ளது மலிவாகவும், விலை அதிகமுள்ளது பலன் குறைந்ததாகவும் இருக்கிறது. முப்பதாண்டுகளுக்கு முன்பே சந்தைக்கு வந்த ஒரு மாத்திரை இன்னும் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. அதைத் தொடங்குமுன் செய்யவேண்டிய சோதனையும் எளியதுதான். ஆனால் நடைமுறையில் அதிகம் தவிர்க்கப்படுபவை இந்த இரண்டும்தான். ஏன் இப்படி ஆனது, யாருக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நகத்தில் குடியேறுவது எது?

நகம் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள இந்தக் கெராட்டினைத் தின்று வாழும் பூஞ்சைக் குடும்பத்துக்கு டெர்மட்டோஃபைட் என்று பெயர். படர்தாமரையும் கால்விரல் இடுக்குப் படையும் இதன் வேலைகளே. நகப் பூஞ்சையில் பெரும்பங்கு ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற ஒரே இனத்துக்குரியது. இதை 1910இல் முதலில் விவரித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அப்போது அவர் பணியாற்றிய இடம் கொழும்பு. அரையிடுக்குப் படையில் அவர் கண்ட இந்தப் பூஞ்சை இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிவிட்டது. தென்கிழக்காசியாவில் வெறுங்காலோடு நடந்த மக்களின் உடம்புத் தோலில் இருந்த கிருமி, பூட்ஸ் அணிந்த படைவீரர்களின் வியர்த்த கால்களில் வசதியான இடத்தைக் கண்டு அவர்களோடு கப்பலேறியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாவது தரப்பு காண்டிடா என்ற ஈஸ்ட். நாள்முழுதும் கை ஈரத்தில் இருப்பவர்களின் விரல் நகங்களில் இது அதிகம்: பாத்திரம் துலக்குபவர்கள், தேநீர்க் கடையில் குவளை கழுவுபவர்கள், மீன் வெட்டுபவர்கள். மூன்றாவது தரப்பு மண்ணிலும் மக்கிய பொருள்களிலும் வாழும் ஃப்யூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்றவை. நம்முடையதுபோன்ற வெப்பநாடுகளில் இவற்றின் பங்கு கவனிக்கத்தக்க அளவு உண்டு. நியோசைட்டலிடியம் என்ற வெப்பநாட்டுப் பூஞ்சை, கையிலிருக்கும் எந்த மாத்திரைக்கும் எளிதில் மசியாது. ஆகவே 'பூஞ்சை' என்று மட்டும் தெரிந்தால் போதாது. எந்தப் பூஞ்சை என்பதும் சிகிச்சையை மாற்றும்.

வயதாக ஆக இந்நோய் கூடுகிறது. அறுபதைக் கடந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் பொதுவான மதிப்பீடு. இரத்த ஓட்டம் குறைவது, நகம் மெதுவாக வளர்வது, பலமுறை அடிபட்டிருப்பது, குனிந்து நகம் வெட்ட முடியாமல் போவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

சிகிச்சை பற்றிய பாதிக் குழப்பம் நகத்தின் வளர்ச்சி வேகம் தெரியாததால் வருவது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது; கால் நகம் அதில் பாதிதான், சிலருக்கு அதற்கும் குறைவு. பெருவிரல் நகம் வேரிலிருந்து நுனிவரை புதிதாக வளர்ந்து முடிய 12 முதல் 18 மாதம் ஆகும். பூஞ்சையைக் கொன்றாலும் அது ஏற்கெனவே சிதைத்த நகம் சீராகிவிடாது. வளர்ந்து, நுனிக்கு வந்து, வெட்டுப்பட்டுத்தான் தீரவேண்டும். மூன்று மாத மாத்திரை முடிந்த அன்று நகத்தைப் பார்த்து "மருந்து கேட்கவில்லை" என்று முடிவுகட்டுவது, விதைத்த வாரத்திலேயே கதிரைத் தேடுவதற்குச் சமம். சரியாகக் கேட்டிருந்தால் அன்று தெரியக்கூடியது ஒன்றே ஒன்று: வேர்ப்பக்கத்தில் தெளிவான நகம் ஒரு பட்டையாகக் கிளம்பியிருக்கும்.

முதலில், அது பூஞ்சைதானா?

உருமாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிக்கு மட்டுமே பூஞ்சை காரணம். மறுபாதியில் சோரியாசிஸ் முக்கியமானது. அது நகத்தில் ஊசி குத்தியதுபோன்ற குழிகளையும், எண்ணெய் படிந்ததுபோன்ற பழுப்புத் திட்டுகளையும் உண்டாக்கும். நகத்தைத் தடிக்கவும் மேலெழும்பவும் செய்யும். லைக்கன் பிளானஸ் நகத்தை மெலிய வைத்து நீளவாக்கில் பிளக்கும். இறுக்கமான காலணியின் இடைவிடாத அழுத்தம் மட்டுமே பெருவிரல் நகத்தைத் தடித்து மஞ்சளாக்கிவிடும். நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிவரும் கறுப்புக் கோடு, அரிதாக, மெலனோமா என்ற புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். அதைப் பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுவது ஆபத்து.

எனவே தேவைப்படுவது ஒரு சோதனை. நகத்தை வெட்டி, அதன் அடியிலுள்ள பொடியை, நோய் எட்டிய எல்லை வரை உள்ளே போய்ச் சுரண்டி எடுக்கவேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் கெராட்டினைக் கரைத்துவிடும். எஞ்சும் பூஞ்சை இழைகளை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அன்றைக்கே விடை கிடைத்துவிடும். எந்த இனம் என்று அறிய, சபுரோ ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கவேண்டும். அதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். வெட்டிய நகத்தைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பி, பி.ஏ.எஸ். என்ற சாயமேற்றிப் பார்ப்பது இவ்விரண்டையும்விடக் கூர்மையானது. பி.சி.ஆர். சோதனையும் சில ஆய்வகங்களில் நடக்கிறது. இவற்றில் எதுவும் முழுமையானதல்ல. பொடியை நுனியில் மட்டும் சுரண்டினாலோ, நோயாளி ஏற்கெனவே மருந்து பூசிக்கொண்டிருந்தாலோ, பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரும். சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி பார்க்கவேண்டும்.

இதில் வல்லுநர்களிடையே ஒரு விவாதம் உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமி 2013இல் வெளியிட்ட பரிந்துரை, சோதனையில் உறுதிசெய்யாமல் பூஞ்சை மாத்திரை எழுதக்கூடாது என்றது. 2016இல் அந்நாட்டு மருத்துவ இதழில் வந்த ஒரு செலவுக் கணக்கு இதற்கு மறுபக்கம் காட்டியது: மாத்திரை அவ்வளவு மலிவாகிவிட்டது, பக்கவிளைவும் அரிது, அமெரிக்கச் சோதனைக் கட்டணத்தைக் கொடுப்பதைவிட நேரே மாத்திரையைத் தொடங்குவதே சிக்கனம், விலையுயர்ந்த பூச்சு எழுதுவதானால் மட்டும் சோதித்துக்கொள்வது லாபம். கணக்கு அங்கே சரியாக இருக்கலாம். நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுண்ணோக்கிச் சோதனை பெரிய செலவல்ல. இங்கே வீணாவது காலம். சோரியாசிஸ் நகத்துக்கு ஓராண்டு பூஞ்சை மருந்து தின்பவர், அந்த ஓராண்டும் சரியான சிகிச்சையை இழக்கிறார்.

எண்களை எப்படிப் படிப்பது?

"70 சதவீதம் குணம்" என்று ஒரு மருந்தும் "18 சதவீதம்" என்று இன்னொன்றும் சொன்னால், முதலாவது நான்கு மடங்கு சிறந்தது என்று தோன்றும். ஆனால் குணத்தை அளக்க மூன்று அளவுகோல்கள் உள்ளன. நுண்ணோக்கியிலும் வளர்ப்பிலும் பூஞ்சை இல்லை என்பது ஒன்று. நகம் பார்வைக்குச் சீராகிவிட்டது என்பது இரண்டாவது. இரண்டும் ஒருசேர நிறைவேறினால் மட்டுமே முழுக்குணம். முதலிடத்திலுள்ளதாகத் தொடக்கத்தில் சொன்ன டெர்பினஃபைன் மாத்திரைக்கு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட குறிப்பேட்டிலேயே முதல் அளவுகோலில் 70 சதவீதமும், முழுக்குணத்தில் 38 சதவீதமும் உள்ளன. ஒரே மருந்து, ஒரே ஆய்வுத் தொகுப்பு. விளம்பரம் எதை எடுத்துக்காட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. புதிய பூச்சு மருந்துகளின் ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள், நகத்தில் ஏறக்குறைய பாதிக்குமேல் கெடாதவர்கள், நகவேர் தாக்கப்படாதவர்கள். அதாவது எளிய நோயாளிகள். முழு நகமும் சிதைந்த ஒருவர் அந்தச் சதவீதத்தைத் தனக்கும் பொருத்திக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

மாத்திரைகளின் கதை

1939இல் லண்டனில் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபல்வின் பிரிக்கப்பட்டது. அது வாய்வழி மருந்தாகப் பயன்படும் என்று தெரிய இருபதாண்டு பிடித்தது. 1958இல் கினிப்பன்றிகளின் படைநோய் அதனால் குணமானது. அதற்குமுன் கெட்ட நகத்தைப் பிடுங்குவதும் காரமான மருந்துகளைத் தடவுவதுமே வழி. கிரிசியோஃபல்வின் பூஞ்சையைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்துகிறது. அதனால் புது நகம் முழுதாக வளரும்வரை, கால் நகமென்றால் ஓராண்டுக்குமேல், விடாமல் விழுங்கவேண்டும். அப்படி விழுங்கியும் பலருக்குத் திரும்பி வந்தது. இன்று நகத்துக்கு அதை யாரும் முதலில் எழுதுவதில்லை.

1981இல் அமெரிக்காவில் வந்த கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலைக் கெடுத்தது. 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதைக் கடுமையாகத் தடுத்தன. தோலுக்கும் நகத்துக்கும் கொடுக்கவே கூடாது என்றபிறகும் மருத்துவர்கள் எழுதியதால், நகப் பூஞ்சைக்காக அதைச் சாப்பிட்ட ஒருவர் இறந்ததைச் சுட்டி 2016இல் அமெரிக்க அமைப்பு மறுபடி எச்சரிக்க நேர்ந்தது. உயிரைப் பறிக்காத நோய்க்கு உயிரைப் பணயம் வைக்கும் மருந்து கூடாது என்ற பாடம் அதிலிருந்து வந்தது. ஷாம்பூவாகவும் களிம்பாகவும் அது தொடர்கிறது. அவற்றில் அந்த ஆபத்து இல்லை.

நிலைமையை மாற்றியவை இட்ராகோனசோலும் டெர்பினஃபைனும். வியன்னாவிலிருந்த சாண்டோஸ் ஆய்வகத்தில், தற்செயலாகக் கிடைத்த நாஃப்டிஃபைன் என்ற பொருளைத் திருத்தி உருவாக்கப்பட்டது டெர்பினஃபைன். பூஞ்சை தன் செல்சுவருக்கு உள்ளேயுள்ள படலத்தைக் கட்ட எர்கோஸ்டெரால் தேவை. அதைத் தயாரிக்கும் வழியில் ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் என்ற நொதியை இம்மருந்து முடக்குகிறது. படலம் உருவாகாமலும், உள்ளே ஸ்குவாலீன் நஞ்சாகச் சேர்ந்தும், பூஞ்சை செத்துவிடுகிறது. இன்னொரு சிறப்பு, நகப்படுகையின் இரத்தத்திலிருந்து நகத்துக்குள் புகும் இம்மருந்து, மாத்திரையை நிறுத்திய பிறகும் பல மாதம் அங்கேயே தங்குகிறது. பன்னிரண்டு வாரம் விழுங்கியது ஓராண்டு வேலைசெய்வது இதனால்தான். கைவிரல் நகத்துக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கமான அளவு.

இட்ராகோனசோல் இருவகையில் தரப்படுகிறது: தினம் 200 மில்லிகிராம் வீதம் 12 வாரம்; அல்லது மாதத்தில் ஒரு வாரம் மட்டும் தினம் இருவேளை 200 மில்லிகிராம், மூன்று வாரம் ஓய்வு என்று கால் நகத்துக்கு மூன்று சுற்று. இதன் குளிகையைச் சாப்பாட்டோடு எடுக்கவேண்டும். இரைப்பை அமிலம் குறைந்தால் உடம்பில் சேராது. வாயுத் தொல்லைக்கு அன்றாடம் மாத்திரை போட்டுக்கொள்பவர்களுக்கு மருந்து வீணாகும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. சிம்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்டிரால் மாத்திரைகளோடும் இன்னும் பல மருந்துகளோடும் மோதும்.

இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கு 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஐரோப்பிய ஆய்வு விடை சொன்னது. சுமார் 500 பேர் கலந்துகொண்டார்கள். 72ஆம் வாரத்தில் பூஞ்சை அற்றவர்கள், 12 வார டெர்பினஃபைன் பிரிவில் 76 சதவீதம். மூன்று சுற்று இட்ராகோனசோல் பிரிவில் 38 சதவீதம். அதே ஆய்வின் ஐஸ்லாந்து நோயாளிகளை ஐந்தாண்டு வரை பின்தொடர்ந்தபோது, மறுசிகிச்சை தேவைப்படாமல் பூஞ்சையின்றி இருந்தவர்கள் முறையே 46, 13 சதவீதம். வாய்வழி மருந்துகள் குறித்து கோக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 48 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் அலசி, இட்ராகோனசோல் போன்ற அசோல் வகை மருந்துகளைவிட டெர்பினஃபைனே மேல் என்று முடித்தது.

இதற்கு விலக்குகளும் உண்டு. காண்டிடா நகத்துக்கு டெர்பினஃபைன் வலுவற்றது. அங்கே இட்ராகோனசோலோ ஃப்ளூகோனசோலோ வேண்டும். ஃப்ளூகோனசோல் வாரம் ஒருமுறை எடுத்தால் போதும் என்பதால் வசதியானது. ஆனால் ஆறு மாதத்துக்குமேல் நீள்வதும் பலன் குறைவதும் அதன் விலை. டெர்பினஃபைனையும் மாதம் ஒரு வாரம் என்று விட்டுவிட்டுக் கொடுத்தால் செலவு மிச்சமாகும் என்று அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவில், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 71 சதவீதத்தினருக்கும் விட்டுச் சாப்பிட்டவர்களில் 59 சதவீதத்தினருக்கும் பூஞ்சை நீங்கியிருந்தது. ஜப்பானில் 2018 முதல் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற புதிய மாத்திரை 12 வாரத் திட்டமாகப் புழக்கத்தில் உள்ளது.

கல்லீரல் பயம்

"பூஞ்சை மாத்திரை கல்லீரலை அரித்துவிடும்" என்பது நோயாளிகளிடம் மட்டுமல்ல, சில மருத்துவர்களிடமும் நிலைத்துவிட்ட பயம். அதன் வேர் கீட்டோகோனசோலில் இருக்கிறது. டெர்பினஃபைனாலும் கல்லீரல் பாதிப்பு வருவதுண்டு, உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. ஆனால் மருந்துக் கல்லீரல் பாதிப்புகளைத் தொகுக்கும் அமெரிக்க அரசுத் தரவகத்தின் மதிப்பீட்டில், அது 50,000 முதல் 1,20,000 மருந்துச்சீட்டுகளுக்கு ஒன்று. தொடங்குமுன் ஒருமுறை கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது முறை. ஆரோக்கியமானவர்களுக்கு அதன்பின் மாதாமாதம் சோதிப்பதால் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பசியின்மை, விடாத குமட்டல், அடர்மஞ்சள் சிறுநீர், உடம்பு அரிப்பு என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். இந்த அறிவுரையே மாதாந்திரப் பரிசோதனையைவிடப் பயனுள்ளது.

கல்லீரல் நோய் ஏற்கெனவே உள்ளவர், மது மிகுதியாக அருந்துபவர், கருவுற்றவர், பாலூட்டுபவர் ஆகியோர் மாத்திரையைத் தவிர்க்கவேண்டும். சிலருக்கு நாக்கில் சுவை மாறிப்போகும்; பெரும்பாலும் நிறுத்தியபின் திரும்பும், சிலருக்கு மாதங்கள் ஆகும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களின் உடம்பு டெர்பினஃபைனை இருமடங்கு வேகத்தில் வெளியேற்றிவிடும். இட்ராகோனசோல் அநேகமாகப் பயனற்றே போகும். காசநோய்ச் சிகிச்சை முடியும்வரை நகம் காத்திருக்கலாம்.

பூச்சுகள்: எட்டுமா?

தோல் படைக்குத் தடவும் களிம்பை நகத்தின்மேல் தடவிப் பயனில்லை. நகத்தட்டு கெட்டியானது, பூஞ்சை இருப்பதோ அதன் அடியில். களிம்பு அந்தத் தட்டைக் கடப்பதில்லை. நகத்துக்கென்றே செய்யப்பட்ட பூச்சு மருந்துகள் இந்தத் தடையை ஓரளவே கடக்கின்றன.

சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சு அமெரிக்காவில் 1999இல் வந்தது. தினமும் பூசி, 48 வாரம் தொடர்ந்தபின் முழுக்குணம் அடைந்தவர்கள் 5.5 முதல் 8.5 சதவீதம். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கிடைக்கும் அமொரால்ஃபைன் 5 சதவீதப் பூச்சை வாரம் ஓரிரு முறை, நகத்தை அரத்தால் தேய்த்துவிட்டுப் பூசினால் போதும். 2014இல் அமெரிக்காவில் இரண்டு புதியவை வந்தன. ஜப்பானில் உருவான எஃபினகோனசோல் 10 சதவீதக் கரைசலின் இரு பெரிய ஆய்வுகளில் முழுக்குணம் 17.8, 15.2 சதவீதம், மருந்தில்லாத வெறும் கரைசல் பூசியவர்களில் 3.3, 5.5. போரான் அணுவைக் கொண்ட டவாபோரோல் 6.5, 9.1 சதவீதம். 2020இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, பூச்சுகளில் எஃபினகோனசோலுக்கே வலுவான ஆதாரம் உள்ளதாகச் சொன்னது. ஓராண்டு தினமும் பூசி ஆறில் ஒருவர் குணமடைவதே பூச்சுகளின் உச்சம் என்றால், அவற்றின் இடம் எது என்பது விளங்கும்.

அந்த இடம் சிறியது, ஆனால் உண்மையானது. நகத்தின் மேற்பரப்பில் மட்டும் வெள்ளைத் திட்டாக இருக்கும் வகை, ஒன்றிரண்டு நகங்களில் பாதிக்குக் கீழாக, வேரைத் தொடாமல் இருக்கும் நோய், நகம் மெல்லியதாகவும் வேகமாகவும் வளரும் குழந்தைகள், மாத்திரை கூடாதவர்கள் ஆகியோருக்குப் பூச்சே முதல் தேர்வு. மாத்திரையோடு சேர்த்துப் பூசினால் பலன் கூடும் என்பதற்கும் சான்று உண்டு. 2007இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் டெர்பினஃபைன் மட்டும் எடுத்தவர்களில் 45 சதவீதத்தினரும், அமொரால்ஃபைனையும் சேர்த்துக்கொண்டவர்களில் 59 சதவீதத்தினரும் தேறினார்கள்.

வெட்டுவது, கரைப்பது, பிடுங்குவது

மருந்து எட்டாத இடங்கள் நகத்தினடியில் உண்டு. பூஞ்சை அடர்ந்து கட்டியாகத் திரண்டு, மஞ்சள் அல்லது வெள்ளைக் கோடாக நீளும்; இதை டெர்மட்டோஃபைட்டோமா என்பார்கள். மாத்திரை அதனுள் ஊடுருவாது. அந்தப் பகுதியை வெட்டியோ தேய்த்தோ நீக்கவேண்டும். நகம் 2 மில்லிமீட்டருக்குமேல் தடித்திருந்தாலும், பக்கவாட்டு ஓரத்தில் நோய் புகுந்திருந்தாலும் இதே நிலைதான். 40 சதவீத யூரியாக் களிம்பை நகத்தின்மேல் வைத்துப் பிளாஸ்திரியால் மூடிச் சில நாள் விட்டால், கெட்ட பகுதி மட்டும் மென்மையாகிச் சுரண்டினால் வந்துவிடும். வலியில்லை, கத்தியில்லை; விலையும் குறைவு. மாத்திரையின் நல்ல துணை இதுவே.

நகத்தை முழுதாகப் பிடுங்குவதை இன்றும் சிலர் கேட்டு வருகிறார்கள். வேரில் பூஞ்சை இருக்கும்வரை புதிதாக முளைப்பதும் கெட்டே முளைக்கும். நகத்தைப் பிடுங்கிப் பூச்சு மருந்து போட்ட முறையை டெல்லியில் சோதித்த 2007ஆம் ஆண்டு ஆய்வும், ஒரே நகம் கெட்டவர்களுக்குக்கூட இதைப் பொதுச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்றே முடித்தது. நோயாளிகள் பலர் நடுவிலேயே விலகிவிட்டிருந்தார்கள்.

லேசரின் கதை வேறு. 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் நகத்தைச் சூடாக்கிப் பூஞ்சையை அழிக்கும் என்பது கொள்கை. 2010இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகைய கருவிக்கு முதல் அனுமதி தந்தது. அந்த அனுமதியின் வாசகத்தைக் கவனிக்கவேண்டும்: தெளிந்த நகத்தின் அளவைத் தற்காலிகமாகக் கூட்டுவதற்கு. பூஞ்சை நோயைக் குணப்படுத்துவதற்கு என்று அதில் இல்லை. மாத்திரைக்குக் கேட்ட ஆதாரம் கருவிக்குக் கேட்கப்படவில்லை. 2020 கோக்ரேன் ஆய்விலும் லேசருக்கு நம்பத்தக்க பலன் தெரியவில்லை; செய்யப்பட்ட ஆய்வுகளின் தரமும் தாழ்ந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கேட்டுப் பல அமர்வுகள் நடக்கின்றன. மாத்திரை கூடாது, பூச்சும் பலிக்கவில்லை என்பவர், நிச்சயமில்லை என்று தெரிந்தே செலவிட விரும்பினால் அது அவர் உரிமை. முதல் சிகிச்சையாக அதை விற்பது நியாயமில்லை.

வீட்டு வைத்தியம்

கற்பூரமும் மெந்தாலும் யூகலிப்டஸ் எண்ணெயும் கலந்த விக்ஸ் வேப்பரப்பை நகத்தில் தடவிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. 18 பேர், 48 வாரம்: 5 பேருக்கு முழுக்குணம், 10 பேருக்கு ஓரளவு, 3 பேருக்கு மாற்றமில்லை. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவே இல்லாத, மிகச் சிறிய ஆய்வு. தேயிலைமர எண்ணெயை 1994இல் 117 பேரிடம் சோதித்தபோது, ஆறு மாதத்தில் 18 சதவீதத்தினருக்கு வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை இல்லை. ஒப்பிடப்பட்ட குளோட்ரிமசோல் கரைசலில் 11 சதவீதம். நகத்தில் குளோட்ரிமசோலே பயனற்றது என்பதால், அதோடு ஒப்பிடத்தக்கதாக இருப்பது பெருமையல்ல. வினிகரில் கால் ஊறவைப்பதற்கு ஆதாரம் கிடையாது. தோல் வெடித்தால் கூடுதல் தொல்லை.

நம் வீடுகளில் நகநோய்க்கு மருதாணி வைப்பது பழக்கம். மருதாணிச் சாறு ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கிறது. மனித நகத்தின் அடியில் அதே வேலையைச் செய்வதாக நிறுவப்படவில்லை. அதன் சிவப்பு, நகத்தின் உண்மை நிறத்தை மருத்துவரிடமிருந்து மறைத்துவிடுவதே நடைமுறைச் சிக்கல். விரலின் நகக்கண் வீங்கி நாள்பட்டு நிற்கும் நகச்சுத்தியையும் பூஞ்சை என்றே பலர் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் ஈரமும் சோப்பும் உண்டாக்கும் ஒவ்வாத அழற்சி. காண்டிடா பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது. கையை உலர்வாக வைப்பதே அங்கே முதல் மருந்து.

நீரிழிவு உள்ளவர்கள்

எழுபது வயதில், ஒரே ஒரு நகம் மஞ்சளாக இருந்து எந்தத் தொந்தரவும் இல்லாதவர் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால், அது நியாயமான முடிவே. நகத்தை ஒழுங்காக வெட்டி, காலைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும். நீரிழிவு உள்ளவருக்கு இந்த விருப்பம் கிடையாது. 1998இல் வெளியான ஆய்வில் நீரிழிவாளர்களில் 26 சதவீதத்தினருக்கு நகப் பூஞ்சை இருந்தது; மற்றவர்களைவிட அவர்களுக்கு வாய்ப்பு 2.77 மடங்கு. உணர்ச்சி மரத்த காலில், தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்திக் கிழிப்பது தெரியாது. அங்கே தொடங்கும் புண் எலும்புவரை போகலாம். விரலிடுக்குப் படையின் வெடிப்புகள் பாக்டீரியா நுழைய வாசலாகி, கால் வீங்கிச் சிவக்கும் செல்லுலைட்டிஸ் வரலாம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கும்போது, நகப் பூஞ்சையை வெறும் அழகுப் பிரச்சினையாக நினைப்பது தவறு. டெர்பினஃபைன் பொதுவான நீரிழிவு மாத்திரைகளோடு பெரிதாக மோதுவதில்லை என்பது இவர்களுக்குக் கூடுதல் வசதி. நகம் வேர்ப்பக்கத்திலிருந்து வெள்ளையாகத் தொடங்கினால், எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், எச்.ஐ.வி. தொற்றில் இது ஓர் அடையாளம்.

திரும்பி வருவதும், மருந்துக்கு மசியாததும்

குணமானவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கேனும் திரும்புகிறது. பூஞ்சை நகத்தில் மட்டும் இருப்பதில்லை. விரலிடுக்கில், காலணிக்குள், வீட்டிலுள்ள இன்னொருவர் காலில், எல்லாரும் பயன்படுத்தும் நகவெட்டியில் இருக்கிறது. ஆகவே விரலிடுக்குப் படைக்கும் கூடவே சிகிச்சை வேண்டும். குளித்தபின் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவது, பழைய காலணிகளைத் தூக்கியெறிவது அல்லது பூஞ்சைப் பொடி தூவுவது, காலுறையைத் தினம் மாற்றிச் சுடுநீரில் துவைப்பது, நகவெட்டியைப் பகிராதிருப்பது ஆகியவை சிகிச்சையின் பகுதிகள்தாம். குணமானபின் அமொரால்ஃபைன் பூச்சை அவ்வப்போது போட்டுவருவதும் உதவும்.

இதைவிடக் கவலைக்குரியது மருந்தெதிர்ப்பு. கடந்த பத்தாண்டில் இந்தியாவெங்கும் படர்தாமரை அடங்காத கொள்ளைநோயாக மாறியது. 2020இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப்பெயர் பெற்ற பூஞ்சை இதன் பின்னால் உள்ளது. ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் நொதிக்கான மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால், டெர்பினஃபைன் அதைப் பிடிக்க முடிவதில்லை. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த களிம்புகள் மருந்துச்சீட்டே இல்லாமல் விற்கப்பட்டது இந்தப் பரவலுக்குப் பெருங்காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இது முக்கியமாகத் தோலைத் தாக்கும் இனம்; ஆனால் நகத்தில் இருக்கும் பூஞ்சை தோல் படைக்கு மறுவிதையாகிறது. படர்தாமரை மீண்டும் மீண்டும் வருகிறவரின் நகங்களைப் பார்க்காமல் சிகிச்சை முடிவதில்லை. டெர்பினஃபைன் முறையாக எடுத்தும் கேட்கவில்லை என்றால், பூஞ்சையை வளர்த்து இனமறிவது இனி விருப்பமாக இருக்க முடியாது.

என்ன செய்யலாம்?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தெளிவானது. முதலில் சோதனை. டெர்மட்டோஃபைட் என்று உறுதியானால், மாத்திரை கூடாதென்று காரணம் இல்லாத வரை டெர்பினஃபைன் 12 வாரம். தடித்த நகமானால் யூரியாவும் வெட்டுதலும் கூட. நோய் சிறிதாக இருந்தால் அல்லது மாத்திரை ஆகாதென்றால் பூச்சு, ஓராண்டுப் பொறுமையோடு. காண்டிடாவென்றால் அசோல் மருந்தும் உலர்ந்த கையும். லேசர் கடைசியில், அதுவும் ஐயத்தோடு. தீர்ப்பு ஓராண்டு கழித்து.

இந்த வரிசை நடைமுறையில் கவிழ்ந்து கிடப்பதற்கு நோயாளியை மட்டும் குறைசொல்ல முடியாது. மலிவான மாத்திரைக்கு விளம்பரம் செய்ய யாருமில்லை. கருவி வாங்கியவருக்கு அதன் விலையை மீட்கவேண்டியிருக்கிறது. சளியில் காசநோய்க் கிருமியையும் இரத்தத்தில் மலேரியாவையும் தேடும் நுண்ணோக்கி ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகத்தில் ஏற்கெனவே உண்டு. ஒரு புட்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நகம் சுரண்டச் சிறிது பயிற்சியும் இருந்தால், அதே கருவி பூஞ்சையையும் காட்டிவிடும். நீரிழிவாளர்களுக்குக் கால் பரிசோதிக்கும்போது நகத்தையும் பார்த்து, சந்தேகமிருந்தால் அன்றே சுரண்டி எடுப்பதை வழக்கமாக்கினால், வீணான களிம்புகளுக்கும் லேசர் அமர்வுகளுக்கும் போகும் பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். சில கால்களும் தப்பும்.